ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலத்தில் முதுகலை முடித்துவிட்டு வெளிநாட்டில் நல்ல சம்பளத்துக்குக் கற்பிக்கும் வேலை தேடுகிறவர்களின் கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் வளைகுடாவைத்தான் கேட்டிருக்கிறார்கள். பதில்களும் அங்கேதான் அதிகம் நிற்கின்றன.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம், எம்.ஃபில். முடித்து ஏழு வருடமாகத் தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஓமானிலும் சவூதியிலும் ஆங்கில விரிவுரையாளர்களை எடுக்கிறார்கள் என்கிறார்கள். என் படிப்புக்கு அங்கே என்ன இடம்?
உதவிப் பேராசிரியர், நாமக்கல்

நல்ல இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. அங்கே பள்ளிப் படிப்பு அரபியில் நடக்கிறது. பொறியியல், மருத்துவம், வணிகம் போன்ற பட்டப் படிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பட்டப் படிப்புக்கு முன்னால் ஓர் ஆயத்த ஆண்டு வைத்திருக்கிறார்கள். சவூதியில் அதற்கு ‘பிரிபரேட்டரி இயர்’ என்று பெயர், ஓமானில் ‘ஜெனரல் ஃபவுண்டேஷன் புரோகிராம்’. ஆங்கில ஆசிரியர்கள் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஓமானில் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளையும் இணைத்து 2020-இல் உருவான தொழில்நுட்ப, பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மஸ்கட், நிஸ்வா, இப்ரி, சூர், சலாலா எனப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் ஃபவுண்டேஷன் வகுப்புகள் உண்டு.

அந்த வகுப்பில் ஷேக்ஸ்பியருக்கு வேலை இல்லை. ஒரு பத்தி ஒழுங்காக எழுத, ஒரு வரைபடத்தைப் பார்த்து நான்கு வாக்கியம் சொல்ல, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கக் கற்றுத்தர வேண்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு ஏழு வருடமாக நீங்கள் செய்துகொண்டிருப்பதும் இதேதான். ஆகவே உங்கள் விண்ணப்பத்தில் முன்னால் நிற்க வேண்டியது எம்.ஃபில். ஆய்வுத் தலைப்பு அல்ல, இந்த ஏழு வருடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வகுப்பில் எத்தனை பேர், எந்த நிலை மாணவர்கள், வினாத்தாள் தயாரித்தீர்களா, மொழி ஆய்வகம் நடத்தினீர்களா என்று எழுதுங்கள். ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ என்று பாடத்தின் பெயரை மட்டும் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. 2022 விதிமுறையில் நிறுத்திவிட்டது. வெளிநாட்டு நிர்வாகங்களுக்கு அதை எந்தப் பெட்டியில் போடுவதென்றும் தெரியாது. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளம்பரங்களில் ‘டெசோல் (பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பித்தல்), பயன்பாட்டு மொழியியல், ஆங்கிலம் அல்லது தொடர்புடைய துறையில் முதுகலை’ என்று இருக்கும். இலக்கியப் பட்டத்தையும் ஏற்கும் இடங்கள் பல உண்டு. ஆனால் பல இடங்களில் இளங்கலையும் ஆங்கிலமாகவே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்புவது இதனால்தான். உங்களுக்கு அப்படி இருந்தால் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்டாவுக்கோ பெரிய தொகை கேட்கிறார்கள். இரண்டிலும் 120 மணி நேரம்தானே?
வாசகி, மதுரை

மணிக்கணக்கு ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டாவில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வகுப்பையும் மதிப்பிடுவார். குறைந்தது இரண்டு நிலை மாணவர்களுக்கு எடுக்க வேண்டும். அதோடு நான்கு எழுத்துப் பணிகள், அனுபவமுள்ளவர்களின் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெடுப்பது எல்லாம் உண்டு. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். அந்த வாரங்களில் வேறு எந்த வேலையும் ஓடாது. டிரினிட்டி கல்லூரியின் செர்ட்-டெசோலும் இதே தரத்தில் வைக்கப்படுகிறது. மலிவான இணையச் சான்றிதழில் நீங்கள் கற்பிப்பதை யாரும் பார்ப்பதில்லை. ‘பார்வையிடப்பட்ட கற்பித்தல் பயிற்சி உண்டா?’ என்று நேர்காணலில் கேட்பது இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான்.

பத்து வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவர்களுக்கு செல்டா புதியவர்களைவிடக் கடினமாக இருக்கும். மேடையேறி நாற்பது நிமிடம் விளக்கும் பழக்கம் கையோடு வந்துவிட்டிருக்கும். அங்கே ஆசிரியர் பேசப் பேச மதிப்பெண் குறையும். இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்காமல், ஒரு சூழலைக் காட்டி மாணவர் வாயிலிருந்தே அது வரும்படி செய்யச் சொல்வார்கள். சேரும் முன்பே இதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டால் முதல் வாரத்து அழுகை மிச்சம்.

எப்போது செல்டா வேண்டாம்? உங்கள் முதுகலையே டெசோலில் இருந்து, அதில் கற்பித்தல் பயிற்சியும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். இலக்கியப் பட்டதாரிக்கு மட்டும் இது பணம் போட வேண்டிய இடம் என்றே சொல்வோம். கையில் காசு இல்லையென்றால் ஹைதராபாத்திலுள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் கற்பித்தல் பட்டயப் படிப்பையும் விசாரியுங்கள். செல்டா அளவுக்கு வெளிநாட்டில் பெயர் இல்லாவிட்டாலும் படிப்பு கனமானது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணும் நமக்குக் கேட்பார்கள், 7 இருந்தால் நல்லது. அது இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கும் பருவத்தை ஒட்டி எழுதுங்கள்.

வேலை உறுதியான பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் பலருக்குத் தட்டிப்போகிறது என்கிறார்கள். எதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்?
விரிவுரையாளர், திருநெல்வேலி

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். நேர்காணலில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பட்டச் சான்றிதழில் ‘முருகன் எஸ்’, பாஸ்போர்ட்டில் பெயர் ‘முருகன்’, குடும்பப் பெயர் ‘சுப்பையா’, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘சு. முருகன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்க்கும் அலுவலருக்கு மூன்று ஆள். இனிஷியலை விரித்து எழுதிய ஒரே பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கட்டும். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் வைத்துக் குடும்பப் பெயரைக் காலியாக விட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். அப்படிப்பட்டவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

இரண்டாவது, பட்டமளிப்புச் சான்றிதழ். புரொவிஷனல் போதாது. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்டவர்கள் இன்றே பல்கலைக்கழகத்தில் விண்ணப்பியுங்கள், வாரக்கணக்கில் ஆகும். லேமினேட் செய்திருந்தால் முத்திரையும் ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது என்று திருப்பிவிடுவார்கள். வீட்டில் அயர்ன்பாக்ஸ் வைத்துப் பிரிக்கப் போய்க் காகிதத்தையே கருக்கிவிட வேண்டாம். நிலைமை மோசமாக இருந்தால் டூப்ளிகேட் வாங்குவதே வழி.

மூன்றாவது, அட்டெஸ்டேஷன் வரிசை. பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்று, மாநில உயர்கல்வித் துறையின் மேலொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (உடன்படிக்கையில் உள்ள நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் சான்று முத்திரை). இந்தியா 2005-இலேயே அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஓமான், பஹ்ரைன் அதில் முன்பே இருக்கின்றன. சவூதி 2022 டிசம்பரில் வந்தது. இந்த நாடுகளுக்கு அப்போஸ்டிலோடு வேலை முடியும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். போய் இறங்கிய பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் உண்டு. அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு மேல் ஏஜென்ட் கேட்பதெல்லாம் சேவைக் கட்டணம், கூரியர், கூலி. பத்தாயிரம் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான்காவது, தபால்வழிப் பட்டம். நம் நாட்டு வேலைகளுக்குத் தபால்வழிப் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. வளைகுடா அமைச்சகங்கள் அதைப் பார்ப்பதில்லை, அவர்களுக்குத் தனி விதி. உண்மைத்தன்மைச் சான்றிலேயே ‘ரெகுலர் முறை’ என்று எழுதிக் கேட்பதும் உண்டு. உங்கள் எம்.ஏ. தபால்வழி என்றால் அதை மறைத்து ஒரு விண்ணப்பமும் அனுப்பாதீர்கள். வேலையை விட்டு, வீட்டைக் காலிசெய்த பிறகு அது வெளியே வரும்.

ஐந்தாவது, அனுபவச் சான்று. கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பாடம், முழுநேரம் என்ற சொல், முதல்வரின் கையெழுத்து, தேதியோடு கூடிய முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். முதுகலை முடித்த பிறகான அனுபவத்தைத்தான் பல இடங்களில் எண்ணுவார்கள். பி.எஃப். பதிவு, ஃபார்ம் 16, வங்கியில் சம்பளம் விழுந்த பக்கங்கள் மூன்றையும் பக்கபலமாக வையுங்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்களுக்குத்தான் இங்கே தகராறு. வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்ட கல்லூரியாக இருந்தால் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அறிவுறுத்தியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பல நிறுவனங்கள் சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றன. அவர்கள் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பழைய கல்லூரிக்கும் நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவார்கள். பதில் போகாவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நேர்காணலில் பத்து நிமிட டெமோ கேட்கிறார்கள். எப்படித் தயாராவது?
வாசகர், தஞ்சாவூர்

விளக்கிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடம் போய்விடும், மாணவர் வாயே திறந்திருக்க மாட்டார். சிறிய இலக்காக எடுங்கள். ‘ஐ லாஸ்ட் மை கீஸ்’, ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீஸ்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடிக்கடி கேட்கப்படுவது. வீட்டு வாசலில் ஒருவர் பையைத் துழாவிக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டுங்கள். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கேள்விகளை அடுக்குங்கள்: இப்போது சாவி அவரிடம் இருக்கிறதா? எப்போது தொலைந்தது என்று வாக்கியம் சொல்கிறதா? அது முக்கியமா? பிறகு ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லைச் சேர்த்து, எந்த வாக்கியத்தில் அது உட்காரும் என்று அவர்களையே சொல்ல வையுங்கள். ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். புரியாதவரும் தலையாட்டுவார், மதிப்பிடுபவர் அதைத்தான் குறித்துக்கொள்வார்.

அரபு பேசும் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது உங்களைத் தனியே காட்டும். அரபியில் ‘ப’ என்ற வல்லொலி (ஆங்கில P) இல்லை, மெல்லிய ‘ப’ (B) மட்டும்தான். ‘பார்க்கிங்’ ‘பஸ்’ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதுபோல ஒலிக்கும். நம் எழுத்திலும் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான் என்பதால் அந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் சொல்வதுபோலவே அரபியிலும் நிகழ்காலத்தில் இடையே வினை கிடையாது. ஆகவே ‘ஹி டீச்சர்’ என்று எழுதுவார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு அரபியில் இல்லை, எழுதுவதும் வலமிருந்து இடம். ‘தி மேன் ஹூ ஐ சா ஹிம்’ என்று ஒரு ‘ஹிம்’ கூடுதலாக வருவதும் அரபி வாக்கிய அமைப்பிலிருந்து வருவதே. இதில் ஒன்றை எடுத்து, நீங்கள் அதை எப்படித் திருத்துவீர்கள் என்று ஒரு பயிற்சியோடு சொன்னால், ‘எனக்கு ஏழு வருட அனுபவம்’ என்பதைவிட அது நன்றாகப் பேசும்.

டெமோவுக்கு எடுக்கும் படங்களிலும் உரைகளிலும் மது, காதல், மதம், அந்நாட்டு அரசியல் இருக்க வேண்டாம். சமையல், பயணம், விளையாட்டு போதும்.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். ‘முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார். நம்பலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

வேண்டாம். வேலை விசா கைக்கு வரும் முன் விமானம் ஏறாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் போகிற இடத்தில் நீங்களே குற்றவாளி ஆவீர்கள்.

இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; மொத்தம் 35,400. பதிவு இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். பணம் கொடுத்தால் வங்கி வழியே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பட்டதாரிகள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறிய எவருக்கும் குடியேற்ற அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அது வசதி. ஆனால் கட்டடத் தொழிலாளியின் ஒப்பந்தத்தைக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் பார்ப்பதுபோல உங்கள் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. படித்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். ஆஃபர் வந்த மின்னஞ்சல் முகவரி பல்கலைக்கழகத்தின் சொந்த டொமைனா, இலவச மின்னஞ்சலா என்று பாருங்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து மனிதவளப் பிரிவில் உறுதி செய்யுங்கள்.

ஏஜென்ட் இல்லாமலும் போகலாம். பல்கலைக்கழகங்களின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கங்களில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். கல்வியாண்டு ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் தொடங்குவதால் ஜனவரி முதல் மே வரை விளம்பரங்களைத் தவறாமல் பாருங்கள்.

ஒரே மாதிரி இரண்டு ஆஃபர். ஒன்றில் சம்பளம் அதிகம். அதையே எடுக்கலாம்தானே?
ஆசிரியை, கோயம்புத்தூர்

மாதச் சம்பளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்குச் சவூதியில் இரண்டு ஆஃபர் என்று வைப்போம். முதலாவது மாதம் 9,000 ரியால், வீடு அவர்களுடையது, 12 மாதமும் சம்பளம்: வருடத்துக்கு 1,08,000. இரண்டாவது மாதம் 11,000 ரியால், வீடு நம் பொறுப்பு, கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லாத 10 மாத ஒப்பந்தம்: 1,10,000. வாடகை மாதம் 2,000 என்றால் 24,000 போய் 86,000தான் கையில். ‘அதிகச் சம்பளம்’ வருடத்துக்கு 22,000 ரியால் குறைச்சல்.

பல்கலைக்கழகம் நேரடியாக எடுக்கிறதா, ஒப்பந்த நிறுவனம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறதா என்று கேளுங்கள். ஆயத்த ஆண்டு வகுப்புகள் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்கள் கையில் இருக்கின்றன. டெண்டர் மாறினால் உங்கள் வேலையும் மாறும். நேரடி வேலையில் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அதுவே மேல்.

அடுத்தது பேசிக். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மீதுதான்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள். மொத்தச் சம்பளம் 8,000 திர்ஹாம் என்று இரண்டு பேருக்கும் இருக்கட்டும். ஒருவருக்கு பேசிக் 5,000. வருடத்துக்கு 3,500 சேரும், ஐந்து வருடத்தில் 17,500. இன்னொருவருக்கு பேசிக் 3,000, மற்றதெல்லாம் அலவன்ஸ். ஐந்து வருடத்தில் 10,500தான். ஓமானில் 2023-இன் தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு ஒரு மாத பேசிக். சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், பிறகு ஒரு மாதம். ஆனால் அங்கே நீங்களாக ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்து ஐந்துக்குள் மூன்றில் ஒரு பங்கு. ஐந்திலிருந்து பத்துக்குள் மூன்றில் இரண்டு. ஒரு வருடம் பதினொரு மாதத்தில் கோபித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இழப்பது இதைத்தான். அரசுப் பல்கலைக்கழகத்தின் நேரடி வேலைக்குத் தனி விதிகள் இருக்கும்; ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே அங்கே பேசும்.

வாரத்துக்கு எத்தனை வகுப்பு மணி நேரம், அதற்கு மேல் எடுத்தால் கூடுதல் பணம் உண்டா, குடும்ப விசா உண்டா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் பங்கு உண்டா, வருடத்துக்கு எத்தனை விமான டிக்கெட் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் கடல் தாண்டாது.

பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் வகுக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கு ஒரு விகிதம், நமக்கு ஒரு விகிதம். இது அநியாயம். ஆங்கில ஆசிரியர்களின் டெசோல் சர்வதேச சங்கமே 2006-இல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் ஒப்பந்தம் பேச உட்காரும்போது இது இருக்கிறது என்று தெரிந்தே உட்காருங்கள். செல்டா, ஐ.இ.எல்.டி.எஸ்., ஃபவுண்டேஷன் அனுபவம் மூன்றும் இருந்தால் முதல் தொகையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கொரியா, ஜப்பான், சீனா, இங்கிலாந்து பக்கம் முயலக் கூடாதா?
எம்.ஏ. மாணவர், சென்னை

கொரியாவின் மொழிப் பயிற்றுநர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கு. இந்தியர்களுக்கு ஒரு சிறிய வாசல் உண்டு: 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆங்கிலப் பட்டமும் ஆசிரியத் தகுதிச் சான்றும் உள்ளவர்களைப் பள்ளிகளில் துணை ஆசிரியராக அனுமதிக்கிறது. வாசல் இருப்பது வேறு, உள்ளே அழைப்பது வேறு. இதை மட்டும் நம்பி ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

ஜப்பானில் பள்ளி உதவி ஆசிரியர் விசாவுக்குப் பன்னிரண்டு வருடம் ஆங்கிலவழியில் படித்திருக்க வேண்டும், எல்.கே.ஜி. கணக்கில் வராது. ஆங்கிலவழிப் பள்ளி, ஆங்கிலவழிக் கல்லூரி என்று காகிதத்தோடு காட்ட முடிந்தால் முயலலாம். ஜப்பானியப் பல்கலைக்கழக வேலை நல்ல சம்பளம். டெசோல் முதுகலையும் ஆய்வுக் கட்டுரைகளும் கேட்பார்கள். விளம்பரங்கள் ஜெ-ரெக்-இன் என்ற அரசுத் தளத்தில் வரும். சீனாவில் மொழி ஆசிரியர் வேலைக்கு ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுக் குடியுரிமையைத்தான் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஏமாற வாய்ப்பு அதிகம். 2023 பிப்ரவரி முதல் இந்திய ஆசிரியர்களும் அங்கே தகுதிபெற்ற ஆசிரியர் நிலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் நம்மவர்களுக்குக் கணிதம், அறிவியல், அயல்மொழி ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த வழி. ஆங்கிலப் பாட ஆசிரியருக்கு அல்ல. ‘எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். இருந்தால் லண்டன் பள்ளி’ என்று பணம் கேட்கிறவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலச் சிறப்புப் பட்டம் முடித்திருக்கிறேன். இந்தியர்களுக்குச் சொல்வது எனக்கும் பொருந்துமா?
வாசகி, யாழ்ப்பாணம்

தகுதி, டெமோ, ஒப்பந்தம் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். ஆவண வழி வேறு. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உங்கள் சான்றிதழ்களை உறுதிப்படுத்திக்கொண்டு, போகும் நாட்டின் தூதரகத்திலும் முத்திரை பெற வேண்டும். கொன்சியூலர் பிரிவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு அலைய வேண்டாம். புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு கட்டாயம். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் படித்த பட்டமாக இருந்தால், தபால்வழிப் பட்டம் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் உண்டு. சவூதியில் பெண்களுக்கான தனி வளாகங்களில் பெண் ஆசிரியர்களையே எடுக்கிறார்கள், விளம்பரங்களை அந்தக் கண்ணோடும் பாருங்கள்.

சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை. இங்கே கட்ட வேண்டுமா?
வாசகர், ஈரோடு

எப்போது கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வருமான வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர். அங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாள். ஆகஸ்ட் இறுதியில் சேருகிறவர்கள் வசதியாக உள்ளே வந்துவிடுவார்கள். ஜனவரியில் சேருகிறவர்கள் அந்த மார்ச் வரைக்குமான வெளிநாட்டுச் சம்பளத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். இந்தியாவில் வாடகை, வட்டி என்று வருடத்துக்கு 15 லட்சத்துக்கு மேல் வருகிறவர்களுக்குத் தனி விதி உண்டு. அவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவது பலரும் செய்யும் தவறு. அதை வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது. இரண்டுக்கும் விசாவின் நகலும் அந்நாட்டு அடையாள அட்டையின் நகலும் கேட்பார்கள், ஆகவே போய்ச் சேர்ந்து இகாமா (குடியிருப்பு அட்டை) கைக்கு வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.